ஹார்ட் டிஸ்க்கில் போட்டோ: இருப்பு வேறு, நகல் வேறு

போனில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்த பிறகுதான் பெரும்பாலோர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கக் கிளம்புகிறார்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கம்ப்யூட்டர் கடைக்குப் போனால் முதல் கேள்வி 'எத்தனை டிபி, என்ன விலை' என்பதாகத்தான் இருக்கும். வாங்கி வந்த அன்றே போனிலும் லேப்டாப்பிலும் கிடக்கும் படங்களை எல்லாம் அதில் தள்ளிவிட்டு, பழைய இடத்தில் அழித்தும் விடுவார்கள். 'எல்லாம் ஹார்ட் டிஸ்க்குல பத்திரமா கெடக்கு மக்களே' என்று வீட்டில் பெரியவர்கள் நிம்மதியாகச் சொல்வார்கள்.

அந்த நிம்மதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்பு அந்தப் படங்கள் போனில், ஒரே ஒரு இடத்தில் இருந்தன. இப்போது டிஸ்க்கில், ஒரே ஒரு இடத்தில் இருக்கின்றன. இடம் மாறியதே தவிர நகல் ஒன்றும் கூடவில்லை. டிஸ்க் மேசையிலிருந்து ஒருமுறை விழுந்தால் அத்தோடு சரி.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். போனில் இடம் காலி செய்ய வாங்குகிறீர்களா, படங்களைக் காப்பாற்ற வாங்குகிறீர்களா? யாருக்கும் இரண்டும்தான் வேண்டும். அப்படியானால் ஒரு டிஸ்க் போதாது. 2 டிபி டிஸ்க் ஒன்று வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்குப் பதிலாக 1 டிபி டிஸ்க் இரண்டு வாங்குங்கள். செலவு கொஞ்சம் கூடும். ஆனால் கல்யாண வீடியோவுக்கு நாம் செய்யும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை.

எவ்வளவு இடம் தேவை?

கணக்கு எளிதானது. போனில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 5 எம்பி வரும். சராசரி 4 எம்பி என்று வைத்தால் 20,000 படங்களுக்கு 80 ஜிபி. பெரும்பாலான குடும்பங்களின் பல வருடப் படங்கள் இதற்குள் அடங்கிவிடும். இடத்தைத் தின்பது வீடியோதான். 4கே தரத்தில் பல போன்களில் நிமிடத்துக்கு 350 எம்பி வரை போகும். சித்ரா பௌர்ணமி அன்று கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு பக்கம் சூரியன் மறைவதையும் மறு பக்கம் நிலா எழுவதையும் அரை மணி நேரம் 4கே-யில் எடுத்தால் 10 ஜிபி போய்விடும். கல்யாண ஸ்டூடியோக்காரர்கள், கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் 'ரா' முறையில் எடுப்பார்கள். அதில் ஒரு படமே 25, 30 எம்பி இருக்கும். 3,000 படம் என்றால் 90 ஜிபி.

வீட்டு உபயோகத்துக்கு 1 டிபி, அதாவது 1,000 ஜிபி, தாராளம். கேமரா வைத்துப் படம் எடுப்பவர் என்றால் 2 அல்லது 4 டிபி.

ஒரு தகவல். நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த அதே 1956-இல்தான் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிமுகப்படுத்தியது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழலும், பீரோ அளவுக்குப் பெரிய இயந்திரம். அதன் மொத்தக் கொள்ளளவு சுமார் 5 எம்பி. இன்றைக்கு நீங்கள் திற்பரப்பு அருவி முன்னால் எடுக்கும் ஒரு செல்ஃபியோடு அது நிறைந்துவிடும்.

புது டிஸ்க்கை விண்டோஸில் செருகியதும் பலர் கடைக்காரருக்குப் போன் செய்வார்கள். '1 டிபி என்று சொன்னீர்கள், 931 ஜிபிதானே காட்டுகிறது?' கடைக்காரர் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர்கள் ஒரு டிபி என்பதை லட்சம் கோடி பைட் என்று ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள். விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. அதே டிஸ்க்கை ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் போட்டால் 1 டிபி என்றே காட்டும். இரண்டிலும் இருக்கும் பைட் ஒன்றுதான்.

சுழலும் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப்பூச்சு உள்ள தட்டு சுழல்கிறது. கையடக்கமான டிஸ்க் என்றால் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று. தட்டின் மேல், அதைத் தொடாமல், ஒரு முனை எழுதியும் படித்தும் நகர்கிறது. முனைக்கும் தட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமனை விடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. ஓடிக்கொண்டிருக்கும் போது டிஸ்க்கைத் தட்டிவிடக் கூடாது, தூக்கி இடம் மாற்றக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

எஸ்எஸ்டியில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. பென்டிரைவைப் போல எல்லாம் சில்லு. கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும், வேகம் பல மடங்கு, சத்தமே வராது. விலைதான் அதிகம். அப்புறம், அதில் படங்கள் மின்னூட்டமாகத்தான் பதிந்திருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் எதிலும் செருகாமல் பீரோவில் வைத்துவிட்டால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசியலாம். நம் ஊர் வெப்பம் அதற்குத் துணை போகும். அதனால் என் கணிப்பு இது: தினமும் பையில் போட்டுக்கொண்டு அலைபவருக்கு எஸ்எஸ்டி. வீட்டில் வைத்து மாதம் ஒருமுறை எடுப்பதற்குச் சுழலும் டிஸ்க்கே போதும், காசும் மிச்சம். இரண்டில் எதை வாங்கினாலும் மற்றதை இரண்டாம் நகலுக்கு வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

பெரிய மேசை டிஸ்க்குகளும் உண்டு. 3.5 அங்குல அளவு, தனியாக கரண்ட் அடாப்டர் வேண்டும். யுபிஎஸ் இல்லாத வீட்டில் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருக்கும் போதே நின்றுவிடும்.

இணையத்தில் '16 டிபி எஸ்எஸ்டி' என்று ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு விளம்பரம் வந்தால் பக்கத்தில் போகாதீர்கள். உள்ளே சின்ன மெமரி கார்டு ஒன்றை வைத்து, கம்ப்யூட்டருக்குப் பெரிய அளவைப் பொய்யாகச் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். காப்பி ஆவது போலவே காட்டும். உண்மையான கொள்ளளவு நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் பழைய படங்களின் மேலேயே விழும், அல்லது காற்றில் போகும். திறந்து பார்க்கும் வரை தெரியாது. சந்தேகமுள்ள டிஸ்க்கை 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச மென்பொருளால் சோதிக்கலாம். டிஸ்க் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். பெரிய டிஸ்க்குக்கு மணிக்கணக்கில் ஆகும். காலி டிஸ்க்கில் மட்டும் செய்யுங்கள்.

கேபிளும் துளையும்

இதில் ஏமாறுபவர்கள் நிறைய. டிஸ்க் நல்லது, லேப்டாப்பும் புதிது, ஆனால் காப்பி நகரவே நகராது. காரணம் பெரும்பாலும் கேபிள். யுஎஸ்பி கேபிளிலும் துளையிலும் தலைமுறைகள் உண்டு. யுஎஸ்பி 2.0 என்பது 2000-இல் வந்தது. நடைமுறையில் விநாடிக்கு 30, 40 எம்பிக்கு மேல் தராது. யுஎஸ்பி 3.0 2008-இல் வந்தது. அதில் சுழலும் டிஸ்க்கே விநாடிக்கு 100 எம்பியைத் தொடும். மேலே சொன்ன 80 ஜிபி படங்களை முதலாவதில் நகர்த்த 40 நிமிடம் என்றால் இரண்டாவதில் கால் மணி நேரம்.

கம்ப்யூட்டரில் துளையின் உள்ளே நீல நிறம் இருந்தால் பெரும்பாலும் அது 3.0. கறுப்போ வெள்ளையோ என்றால் பெரும்பாலும் 2.0. டைப்-சி கேபிளில் இன்னொரு குழப்பம். போன் சார்ஜருடன் வரும் கேபிளும் டிஸ்க்குடன் வரும் கேபிளும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். சார்ஜர் கேபிள்களில் பல யுஎஸ்பி 2.0 வேகம்தான் தரும். டிஸ்க்குடன் வந்த கேபிளை அதோடு ஒரு ரப்பர் பேண்டு போட்டு வைத்துவிடுங்கள், வேறு எதற்கும் எடுக்காதீர்கள். மேசைக் கம்ப்யூட்டர் என்றால் முன்பக்கத் துளையை விடப் பின்பக்கத் துளை நல்லது. பல முன்பக்கத் துளைகளில் டிஸ்க்குக்குத் தேவையான மின்சாரம் சரியாக வராது.

ஃபார்மேட்: இங்கேதான் யோசிக்க வேண்டும்

பள்ளிக்கூட நோட்டுகளில் ஒற்றை வரி, நாலு வரி, கட்டம் போட்டது என்று வகை உண்டு. தாள் ஒன்றுதான், கோடு வேறு. டிஸ்க்குக்கும் அப்படி ஒரு கோடு போட வேண்டும். எந்த ஃபைல் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அதன் பெயர் என்ன, தேதி என்ன என்று எழுதிவைக்கும் ஒழுங்கு அது. 'ஃபைல் சிஸ்டம்' என்பார்கள். ஃபார்மேட் செய்வது என்றால் இந்தக் கோட்டைப் புதிதாகப் போடுவது. பழைய கோட்டோடு அதில் எழுதியிருந்ததும் போய்விடும். ஆகவே இந்த முடிவை டிஸ்க் காலியாக இருக்கும் போதே எடுத்துவிட வேண்டும். பாதி நிறைந்த பிறகு 'மேக்கில் எழுத முடியவில்லையே' என்று திணறுவதில் பயனில்லை.

நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவை நான்கு. ஃபேட்32 மிகப் பழையது. டிவி, கார் ஆடியோ வரை எல்லாம் அதைப் படிக்கும். ஆனால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை அது ஏற்காது. கல்யாண வீடியோ பாதியில் நின்று 'ஃபைல் டூ லார்ஜ்' என்று வந்தால் காரணம் இதுதான். போட்டோ டிஸ்க்குக்கு இது வேண்டாம்.

என்டிஎஃப்எஸ் விண்டோஸின் சொந்தக் கோடு. 1993-லிருந்து இருக்கிறது. எழுதப் போவதை முதலில் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவிட்டுப் பிறகுதான் எழுதும். நடுவில் கரண்ட் போனாலும் கேபிள் கழன்றாலும், அந்தக் குறிப்பேட்டைப் பார்த்து ஒழுங்கைத் திரும்ப நிலைநிறுத்திக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகலாம், ஆனால் டிஸ்க் முழுவதும் குழம்பாது. மழைக்காலத்தில் விட்டுவிட்டுக் கரண்ட் போகும் நம் ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல. குறை என்னவென்றால் மேக் இதைப் படிக்கும், தானாக இதில் எழுதாது.

எக்ஸ்ஃபேட் 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கலாம், எழுதலாம். இன்றைய ஆண்ட்ராய்டு போன்களிலும் ஐபோன்களிலும் பல, இதைப் புரிந்துகொள்ளும். 4 ஜிபி தடையும் இல்லை. ஆனால் அந்தக் குறிப்பேட்டு வசதி கிடையாது. பாதியில் பிடுங்கினால் சேதம் அதிகம்.

ஏபிஎஃப்எஸ் ஆப்பிளுக்கு உரியது, 2017 முதல். விண்டோஸ் தானாக இதைப் படிக்காது.

இதில் பலர் எக்ஸ்ஃபேட் என்று ஒரே பதில் சொல்வார்கள். 'எதிலும் ஓடுமே' என்பது அவர்கள் காரணம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வீட்டில் எல்லாமே விண்டோஸ் என்றால் என்டிஎஃப்எஸ் போடுங்கள். என்றைக்கோ வரப்போகும் மேக்குக்காக இன்றைய பாதுகாப்பை விட வேண்டியதில்லை. வீட்டில் விண்டோஸ், குவைத்திலிருந்து லீவில் வரும் அண்ணனிடம் மேக்புக், இரண்டிலும் எழுத வேண்டும் என்றால் அப்போது எக்ஸ்ஃபேட்தான் வழி. கழற்றும் போது கவனம் இருந்தால் போதும். எல்லாமே மேக் என்றால் ஏபிஎஃப்எஸ்.

விண்டோஸில் செய்வது இப்படி. டிஸ்க்கைச் செருகி 'திஸ் பிசி'யைத் திறந்தால் புதிதாக ஒரு டிரைவ் தெரியும். அதன்மேல் வலது கிளிக், 'ஃபார்மேட்'. ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுங்கள். 'அலொகேஷன் யூனிட் சைஸ்' என்று இருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். பெயர் கேட்கும் இடத்தில் 'போட்டோ-1' என்று கொடுங்கள், மற்றதற்கு 'போட்டோ-2'. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்றால் உறையின் மேலும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். 'குவிக் ஃபார்மேட்' போதும். அழுத்தும் முன் டிரைவின் எழுத்து சரியா என்று ஒருமுறை பாருங்கள். பக்கத்து டிரைவை ஃபார்மேட் செய்தவர்கள் கதை எந்தக் கம்ப்யூட்டர் கடையிலும் கிடைக்கும்.

மேக்கில் 'டிஸ்க் யூட்டிலிட்டி'யைத் திறந்து 'வியூ'வில் எல்லா டிவைஸையும் காட்டச் சொல்லி, டிஸ்க்கின் மேல்வரியைத் தேர்ந்து 'இரேஸ்'. 'ஸ்கீம்' என்ற இடத்தில் 'குய்ட்' என்று வருவது இருக்கட்டும். 'டைம் மெஷினுக்கு (மேக் தன்னைத்தானே நகல் எடுக்கும் வசதி) இந்த டிஸ்க்கைப் பயன்படுத்தலாமா' என்று மேக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்குத் தனி டிஸ்க் வைப்பதே நல்லது.

விண்டோஸில் இன்னொரு சின்ன வேலை செய்யலாம். டிஸ்க்கை ஒருநாள் செருகினால் அதன் டிரைவ் எழுத்து ஈ (E) என்று வரும், மறுநாள் பென்டிரைவ் ஒன்று முன்பே இருந்தால் எஃப் (F) என்று வரும். படங்களை ஒழுங்குபடுத்தும் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு இது தலைவலி. பழைய எழுத்தில் தேடிவிட்டுப் படத்தைக் காணோம் என்று சொல்லும். 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போய் டிஸ்க்குக்கு பி (P) என்று நிலையான ஒரு எழுத்தைக் கொடுத்துவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரில் பிறகு மாறாது.

ஃபோல்டர் பெயர்

முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நிகழ்ச்சி. '2024-03 மண்டைக்காடு கொடை', '2024-05 அக்கா கல்யாணம்', '2024-12 கோட்டாறு திருவிழா'. மாதத்தை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதினால் கம்ப்யூட்டர் வரிசையாக அடுக்கித் தரும். தமிழில் பெயர் வைக்கலாம், விண்டோஸும் மேக்கும் ஒன்றும் சொல்லாது. பழைய டிவி சிலவற்றில் மட்டும் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆண்டு எண் முன்னால் இருப்பதால் அப்போதும் கண்டுபிடித்துவிடலாம்.

ஆளாளுக்குத் தனி ஃபோல்டர் போடும் யோசனை வேண்டாம். ஒரே படத்தில் அப்பாவும் சித்தியும் இருந்தால் எங்கே போடுவீர்கள்?

படத்தின் உள்ளேயே எடுத்த தேதி, நேரம், கேமரா, சில நேரம் இடம் வரை பதிந்திருக்கும். 'எக்ஸிஃப்' என்பது அதன் பெயர். ஃபைலை காப்பி செய்யும் போது விண்டோஸ் காட்டும் 'கிரியேட்டட்' தேதி மாறிவிடும். உள்ளே இருக்கும் எக்ஸிஃப் தேதி மாறாது. ஆனால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் இந்தத் தகவல் அழிந்துவிடும், படத்தின் அளவும் சுருங்கிவிடும். போனிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படம் கொண்டுபோக வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொள்பவர்கள் நம் ஊரில் ஏராளம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள். வேறு வழியில்லை என்றால் 'டாகுமென்ட்' என்று தேர்ந்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே போகும்.

கேபிள் போட்டு எடுப்பதே நேர்வழி. ஆண்ட்ராய்டில் கேபிளைச் செருகியதும் மேலே வரும் அறிவிப்பைத் தொட்டு 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் மட்டும் ஏறும். படங்கள் 'டிசிஐஎம்' என்ற ஃபோல்டரில் இருக்கும். ஐபோனில் 'டிரஸ்ட்' கேட்கும், கொடுங்கள். 2017 முதல் ஐபோன்கள் 'ஹெய்க்' என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. வழக்கமான ஜேபெக் படத்துக்கு வேண்டிய இடத்தில் ஏறக்குறைய பாதி இதற்குப் போதும். விண்டோஸில் திறக்க மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒரு சின்ன இணைப்பு போட வேண்டியிருக்கலாம். போனின் செட்டிங்ஸில் போட்டோ பகுதிக்குப் போய்க் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் போது 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைத்துவிட்டால் மூலம் மாறாமல் வரும்.

காப்பி, சோதனை, அப்புறம்தான் அழிப்பு

'கட்' செய்து 'பேஸ்ட்' செய்யாதீர்கள். எப்போதும் 'காப்பி'. பாதியில் கேபிள் ஆடிவிட்டால், கட் செய்ததில் பாதி இங்கே, பாதி அங்கே என்று கிடக்கும். எது போயிற்று எது போகவில்லை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்க ஃபோல்டர்களிலும் வலது கிளிக் செய்து 'பிராபர்ட்டீஸ்' பாருங்கள். ஃபைல் எண்ணிக்கையும் 'சைஸ்' வரியில் அடைப்புக்குறிக்குள் வரும் பைட் எண்ணும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். அதன் கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இன்னொரு எண் இருக்கும். அது மாறுவது இயல்பு, கண்டுகொள்ள வேண்டாம். அப்புறம் தொடக்கத்தில், நடுவில், கடைசியில் என்று சில படங்களைத் திறந்து பாருங்கள். சின்னப் படமாகத் தெரிவது போதாது, முழுதாகத் திறக்க வேண்டும். வீடியோவை நடுவில் இழுத்து ஓட்டிப் பாருங்கள்.

இதே ஃபோல்டரை இரண்டாவது டிஸ்க்குக்கும் காப்பி செய்து, அதையும் சோதித்த பிறகே போனில் அழிக்கலாம். வரிசை முக்கியம்.

அடுத்த மாதம் புதுப் படங்களைச் சேர்க்கும் போது எது ஏற்கெனவே இருக்கிறது, எது புதிது என்று கையால் பார்ப்பது கொடுமை. 'ஃப்ரீஃபைல்சிங்க்' என்ற இலவச மென்பொருள் இரண்டு டிஸ்க்கையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் காட்டும். அதில் 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள், 'மிரர்' வேண்டாம். மிரர் என்றால் முதல் டிஸ்க்கில் தவறிப்போய் அழித்ததை இரண்டாவதிலும் அழித்துவிடும்.

கழற்றும் போது 'இஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். 'காப்பி ஆகிவிட்டது' என்று திரையில் காட்டினாலும், கடைசிக் கொஞ்சம் நினைவகத்தில் காத்திருந்து பிறகு டிஸ்க்கில் ஏறுவது உண்டு. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, உடனடியாக எழுதும் முறை இயல்பாக வைக்கப்பட்டிருக்கிறது. அதனால் முன்புபோல ஆபத்து இல்லை. இருந்தாலும் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கிலும் மேக்கிலும் இந்தப் பழக்கத்தை விடக் கூடாது.

இரண்டாவது டிஸ்க் எங்கே இருக்க வேண்டும்?

3-2-1 என்று ஒரு விதி உண்டு. மூன்று நகல், இரண்டு விதமான சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பியது. முதல் இரண்டு எண்களைப் பலர் பின்பற்றிவிடுவார்கள். கடைசி 'ஒன்று'தான் விட்டுப்போகும். நம் மாவட்டத்தில் அந்த ஒன்றுதான் மற்ற இரண்டையும் விட முக்கியம் என்பேன்.

2004 டிசம்பர் 26 அன்று குளச்சலிலும் மணக்குடியிலும் கடல் வந்த போது வீடுகளோடு போனவற்றில் கல்யாண ஆல்பங்களும் உண்டு. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடற்கரை மட்டுமல்ல, உள்ளே ரப்பர் தோட்டப் பகுதிகள் வரை மரங்கள் சாய்ந்தன, பல நாள் கரண்ட் இல்லை. இரண்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில், ஒரே தட்டில் இருந்தால் வெள்ளத்துக்கும் தீக்கும் திருடனுக்கும் அவை ஒரு டிஸ்க்தான்.

சொந்தக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? முட்டத்தில் வீடு என்றால் தக்கலையில் கட்டிக்கொடுத்த அக்கா வீட்டில் 'போட்டோ-2'வை வைத்துவிடுங்கள். கிறிஸ்துமஸுக்கோ பொங்கலுக்கோ அவர்கள் வரும் போது கொண்டுவரச் சொல்லி, புதுப் படங்களைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். வளைகுடாவில் வேலை செய்பவர் வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. லீவு முடிந்து போகும் போது ஒரு டிஸ்க் அவரோடு போகட்டும், அடுத்த லீவில் வரட்டும். விமான நிலைய எக்ஸ்ரேயால் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது. கைப்பையில் வைத்தால் போதும், பெட்டியில் போட்டு ஏற்றினால் அடிபடும்.

கூகுள் போட்டோஸை மூன்றாவது நகலாக வைத்துக்கொள்ளலாம். 2021 ஜூன் 1 முதல் அது வரம்பின்றி இலவசம் அல்ல. மின்னஞ்சலையும் சேர்த்து 15 ஜிபி வரைதான், அதற்கு மேல் மாதக் காசு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்த ஆப்பில் நீங்கள் ஒரு படத்தை அழித்தால் மேகத்திலும் (கூகுளின் இணையச் சேமிப்பிலும்) அது குப்பைக்குப் போகும். 60 நாள் குப்பையில் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும்.

டிஸ்க்கை எப்போதும் கம்ப்யூட்டரில் செருகியபடி விடாதீர்கள். நமக்குத் தென்மேற்கு மழையும் உண்டு, வடகிழக்கு மழையும் உண்டு. ஐப்பசி மாலை இடியில் மின்கம்பி வழியாக வரும் அதிர்ச்சி கம்ப்யூட்டரோடு அதில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் எரித்துவிடலாம். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். வேலை முடிந்தால் கழற்றி உள்ளே வைத்துவிட வேண்டும்.

கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றும் ஈரமும் உலோக முனைகளை அரிக்கும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வைத்தால் போதும். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுதான். நிறம் மாறும் வகை கிடைத்தால் எப்போது மாற்ற வேண்டும் என்பது தெரியும். சுழலும் டிஸ்க்குகள் பலவற்றில் காற்றழுத்தத்தைச் சமன் செய்ய ஒரு சிறு துளை இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள்.

பாஸ்வேர்டு போடலாமா என்று கேட்பார்கள். நாகர்கோவில்–திருவனந்தபுரம் பஸ்ஸில் தினமும் பையில் போய்வரும் டிஸ்க் என்றால் போடுங்கள். விண்டோஸ் புரோவில் பிட்லாக்கர், மேக்கில் ஃபார்மேட் செய்யும் போதே 'என்கிரிப்டட்' என்ற வகை. பீரோவில் இருக்கும் குடும்ப டிஸ்க்குக்கு வேண்டாம் என்பது என் கருத்து. போட்டவர் இல்லாத நாளில் பேரப்பிள்ளைகளால் திறக்க முடியாத ஆல்பம் எதற்கு?

டிஸ்க் தகராறு செய்தால்

செருகியதும் 'ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் கேட்டால் 'கேன்சல்' கொடுங்கள். கோடு கலைந்திருக்கிறது, படங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. வேறு கேபிள், வேறு துளை, வேறு கம்ப்யூட்டர் என்று மாற்றிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் அதில் புதிதாக எதையும் எழுதாதீர்கள். 'போட்டோரெக்' என்ற இலவச மென்பொருள் சிதைந்த டிஸ்க்கிலிருந்தும் படங்களைத் தேடி எடுத்து வேறொரு டிஸ்க்கில் போடும். ஃபைல் பெயரும் ஃபோல்டரும் திரும்ப வராது, படம் வரும். தவறிப்போய் டெலிட் செய்ததற்கும் இதே வழிதான். சுழலும் டிஸ்க்கில் கிடைக்கும் வாய்ப்பு நல்லது, எஸ்எஸ்டியில் குறைவு.

'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்று ஒன்று உண்டு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் குறிப்பைப் படித்து, நீலமாகவோ மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மஞ்சள் வந்துவிட்டால் பழுது பார்க்க நினைக்காமல் புது டிஸ்க் வாங்கிக் காப்பி செய்யுங்கள். மஞ்சள் வராவிட்டாலும் நான்கைந்து ஆண்டில் மாற்றுவது வழக்கம். வாரண்டியை நம்பி இருக்காதீர்கள். கெட்டுப்போனால் புது டிஸ்க் கொடுப்பார்கள், உள்ளே இருந்த படங்களுக்கு வாரண்டி கிடையாது.

'டிக், டிக்' என்று சீராகச் சத்தம் வந்தால் மட்டும் விஷயம் வேறு. சில நேரம் துளையில் மின்சாரம் போதாமலும் அப்படி வரும். வேறு துளையில் ஒருமுறை மாட்டியும் சத்தம் நிற்கவில்லை என்றால் முனையோ தட்டோ அடிபட்டிருக்கிறது. மென்பொருளால் ஆவது ஒன்றும் இல்லை. ஒவ்வொரு முறை ஆன் செய்யும் போதும் தட்டில் கீறல் கூடும். உடனே கழற்றுங்கள். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே ஈரம் படியும். 'போட்டோ-2' தக்கலையில் இருக்கிறது என்றால் புது டிஸ்க் ஒன்று வாங்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதுதான். இல்லை என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம்தான் போக வேண்டும். செலவு பெரும்பாலும் டிஸ்க்கின் விலையைப் போலப் பல மடங்கு ஆகும். கொடுக்கும் முன் எழுத்தில் மதிப்பீடு கேளுங்கள், படம் கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்பதையும் கேளுங்கள். அதுவரை 'இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே' என்று யாரையும் செருக விடாதீர்கள்.